ஊரார் வாயில் வாழும் பெயர்

(புணே நகரின் கராடிப் பகுதியில் வாழும் தமிழர்கள் கூடிய அவையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



புறநகர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் சரியாக வழங்குவது பற்றிப் பேசும்படி பணித்திருக்கிறீர்கள். மராத்தி ஊர்ப்பெயர்களின் வரலாற்றை என்னைவிட அதிகாரத்தோடு சொல்லக்கூடிய அறிஞர்கள் இந்த நகரத்திலேயே இருக்கிறார்கள். பக்கத்தில் எரவடாவில் இருக்கும் தக்காணக் கல்லூரியில் 1939 முதல் மொழியியல் துறை நடந்துவருகிறது. ஊர்ப்பெயர்களின் பிறப்பை ஆராயும் வேலை தமிழிலும் நன்றாகவே நடந்திருக்கிறது, ரா. பி. சேதுப்பிள்ளையின் 'தமிழகம் ஊரும் பேரும்' நூலை இங்குள்ள பலர் படித்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டது அதுவன்று. ஒரு பெயர் எப்படிப் பிறந்தது என்பதை விட்டுவிட்டு, இன்று காலை நீங்கள் ஆட்டோக்காரரிடம் அதை எப்படிச் சொன்னீர்கள் என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஏனென்றால், இங்கே வேலைக்கு வந்த தமிழர்களின் வாயில் ஊர்ப்பெயர் பெரும்பாலும் ஓர் ஆங்கில வாக்கியத்தின் நடுவில்தான் வருகிறது. அலுவலகத்தில், வங்கியில், மருத்துவமனை வரவேற்பில், சாமான் கொண்டுவரும் பிள்ளையிடம் தொலைபேசியில் வழி சொல்லும்போது, எல்லாம் ஆங்கிலம். பெயரை நாம் கேட்டுக் கற்பதில்லை. படித்துக் கற்கிறோம், அதுவும் ஆங்கில எழுத்தில்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்து ஓர் ஊர்ப்பெயருக்கு அடையாளக் குறி. அந்தப் பெயரின் ஒலி அந்த ஊராரின் வாயில் இருக்கிறது. ஆகவே எழுத்தை, பழகிவிட்ட ஒரே வடிவத்தில் நிலையாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒலியை ஊராரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் நாடு முழுவதும் நாம் இவ்வளவு அல்லற்படுகிறோம்.

1. எழுத்து மறைப்பவை

நாம் கூடியிருக்கும் ஊரின் பெயரையே பார்ப்போம். தேவநாகரியில் மூன்றே எழுத்து. முதலெழுத்து, மூச்சை வெளியே விட்டுச் சொல்லும் இரண்டாம் ககரம். நடுவெழுத்து 'ரா', நெடில். மூன்றாவது, நாவை மடித்து மேலண்ணத்தைத் தொட்டுச் சொல்லும் டகரம். இதையே ஆங்கிலத்தில் எழுத ஏழு எழுத்து வேண்டியிருக்கிறது. அந்த ஏழில் 'ஏ' இரண்டு முறை வருகிறது. ஓரிடத்தில் அகரம், ஓரிடத்தில் ஆகாரம். எது குறில், எது நெடில் என்று எழுத்து சொல்லாது. 'டி' என்னும் எழுத்து தகரத்துக்கும் அதுவே, டகரத்துக்கும் அதுவே. ஆகவே பலகையை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர் கரதி, காரதி, கராதி, கரடி என்று எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம். எழுத்தின்படி எல்லாமே சரி. ஊராரின்படி எல்லாமே பிழை.

டகரமும் தகரமும் படும் பாட்டை இந்த நகரத்தில் திசைக்குத் திசை பார்க்கலாம். மேற்கே ஔந்த், அதில் வருவது தகரம். தெற்கே கோண்ட்வா, ஆற்றுக்கு அக்கரையில் முண்ட்வா. இவற்றில் வருவது டகரம். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே 'டி', அதன்பின் ஒரே 'எச்'. தானோரி, திகி, தேஹூ ஆகியவற்றில் தகரம். ஹடப்சர், கோத்ரூட் ஆகியவற்றில் டகரம். ஆங்கில வடிவத்தைப் பார்த்து யாராலும் இதைப் பிரித்தறிய முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தகவல் தொழில்நுட்பத்தில் வேலை செய்யும் தமிழர் எல்லார்க்கும் தெரிந்த ஊர் ஹிஞ்சவடி. அதன் ஈற்றில் இருப்பது 'வடி', குறில். அதற்குச் சற்றுத் தொலைவில் விளையாட்டு வளாகம் இருக்கும் ஊர் பாலேவாடி. அதன் ஈற்றில் இருப்பது 'வாடி', நெடில். ராம்வாடி, பிப்வேவாடி எல்லாம் இந்த 'வாடி' வகை. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே நான்கெழுத்து. அதனால் ஹிஞ்சவடி, வெளியூரார் வாயில் 'ஹிஞ்சேவாடி' ஆகிவிட்டது. நடுவில் இருக்கும் உயிரையும் ஆங்கிலத்தில் சிலர் 'ஏ' என்றும் சிலர் 'ஈ' என்றும் போடுவதால், அந்த ஊர் இரண்டு பெயரோடு வாழ்கிறது. இரண்டையும் விட்டுவிட்டு உள்ளூர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டால், மூச்சு விடும் நேரத்தில் சரியான ஒலி கிடைத்துவிடும்.

'காவ்' என்று முடியும் ஊர்களும் உண்டு. வட்காவ், தளேகாவ், லோஹ்காவ். ஆங்கிலத்தில் 'ஓ'வும் 'என்'னும் சேர்த்து எழுதுவதால் 'காவோன்', 'கான்' என்றெல்லாம் வாசிக்கிறோம். அந்த 'என்', பழைய மூக்கொலியின் எச்சம். இன்றைய மராத்தியில் அதை எழுதுவதும் இல்லை, சொல்வதும் இல்லை.

2. நம் கையில் இருந்தும் பயன்படாத எழுத்து

இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. மேலே சொன்ன சிக்கல்களில் பாதி, தமிழ் எழுத்துக்கு இல்லவே இல்லை. டகரத்துக்கும் தகரத்துக்கும் நமக்குத் தனித்தனி எழுத்து. குறிலுக்கும் நெடிலுக்கும் தனித்தனி எழுத்து. ணகரம் தனி, னகரம் தனி. லகரம் தனி, ளகரம் தனி. இந்த ளகரம் மராத்தியிலும் தனி எழுத்தாக இருக்கிறது. பொது இந்தியில் அது இல்லை. ஞானேஸ்வரரின் ஊர் ஆளந்தி. மலையேறிப் போனால் லோணாவளா. தொழிற்சாலைகள் நிறைந்த சாக்கண். ஆங்கிலத்தில் எழுதினால் பாதி ஒலியை இழந்துவிடும் இந்தப் பெயர்கள் தமிழில் அப்படியே நிற்கும். பாணேர் என்று எழுதிக் காட்டினால் எந்தத் தமிழரும் அதைத் துணிப்பலகையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்போலப் படிக்கமாட்டார். கராடி என்று எழுதினால் முதலெழுத்தின் மூச்சொலி ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் வந்துவிடும்.

ஆனால் நாம் செய்தது என்ன? இந்தப் பெயர்களை மராத்தியிலிருந்து தமிழுக்குக் கொண்டுவரவில்லை. ஆங்கிலத்திலிருந்து கொண்டுவந்தோம். காந்தியடிகள் சிறையிருந்த எரவடா, நம் நூல்களில் 'எரவாடா' ஆனது. மராத்தியில் அங்கே நெடில் இல்லை. ஆங்கிலத்தில் 'ஏ' இருந்ததைப் பார்த்து யாரோ நீட்டிவிட்டார்கள், நாம் அதையே தொடர்ந்து எழுதிவருகிறோம். லோணாவளா 'லோனாவாலா' ஆனது. இந்த நகரத்தின் பெயரிலேயே ணகரம் இருக்கிறது. தமிழ் இதழ்களில் பாதிக்குப் பாதி 'புனே' என்றுதான் அச்சாகிறது. ணகரமே இல்லாத ஆங்கிலத்தைப் பார்த்து, ணகரம் உள்ள நாம் நம் ணகரத்தைத் தொலைத்திருக்கிறோம்.

நம் எழுத்துக்கும் குறை உண்டு. மூச்சொலியும் வல்லின மெல்லொலி வேறுபாடும் அதில் தெரியாது. பாணேரின் முதலெழுத்து எப்படி ஒலிக்கும் என்பதைத் தமிழ் எழுத்து சொல்லாது; அதைக் காதுதான் சொல்ல வேண்டும். ஆனால் எங்கே நம் எழுத்து வல்லது, எங்கே காது துணைக்கு வேண்டும் என்று தெரிந்துகொண்டால் வேலை எளிது.

3. காதால் எழுதியதும் முறையால் எழுதியதும்

இந்திய ஊர்ப்பெயர்களின் ஆங்கில வடிவங்கள் ஒரே வகையானவை அல்ல. இதைப் பலர் கவனிப்பதில்லை. முதல் வகை, கம்பெனிக் காலத்து வெள்ளையர் காதில் விழுந்ததைத் தங்கள் எழுத்துப் பழக்கப்படி எழுதிவைத்தவை. பூனா அப்படிப்பட்டது. கடகி என்னும் பக்கத்து ஊரைக் 'கிர்க்கி' என்று எழுதியதும் அப்படித்தான். 1817 நவம்பர் 5ஆம் நாள் பேஷ்வாவின் படைக்கும் ஆங்கிலேயர் படைக்கும் நடந்த போர், ஆங்கில வரலாற்று நூல்களில் கிர்க்கிப் போர் என்றே இருக்கும். சென்னையில் எழும்பூர் 'எக்மோர்' ஆனதும், திருவல்லிக்கேணி 'டிரிப்ளிகேன்' ஆனதும், தூத்துக்குடி 'டூட்டிகோரின்' ஆனதும் இந்த வகை.

இரண்டாம் வகை, முறைப்படி எழுத்துக்கு எழுத்து பெயர்த்தவை. 1870களின் தொடக்கத்தில் வில்லியம் வில்சன் ஹண்டர் என்னும் அதிகாரி இதற்கு ஒரு முறை வகுத்துக்கொடுத்தார். அகரத்துக்கு 'ஏ', உகரத்துக்கு 'யு', ஏகாரத்துக்கு 'ஈ' என ஒவ்வோர் இந்திய எழுத்துக்கும் நிலையான ஓர் ஆங்கில வடிவம். நெடிலுக்கு மேலே கோடு. நன்றாக ஊன்றிவிட்ட பழைய வடிவங்களை மட்டும் தொடாமல் விட்டார்கள். இந்திய நிலஅளவைத் துறை இன்றும் பின்பற்றுவது ஹண்டர் முறையைத்தான். அன்றாட வழக்கில் மேற்கோடு உதிர்ந்துபோயிற்று. எழுத்து மட்டும் நின்றது. கராடியின் ஆங்கில வடிவம் இந்த வகை.

இப்போது பூனாவையும் புணேயையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பழைய வடிவத்தில் இரண்டு 'ஓ' போட்டிருந்தார்கள். படிக்கும் ஆங்கிலேயர் 'பூ' என்றாவது சொன்னார். ஈற்றுயிர் பிழை, ணகரம் போயிற்று, ஆனாலும் ஏதோ ஓர் உருவம் காதில் விழுந்தது. புதிய வடிவம் மராத்திக்கு முற்றிலும் நேர்மையானது; அதில் ஓர் உயிரும் பிழையில்லை. ஆனால் ஆங்கிலப் பழக்கம் மட்டுமே தெரிந்தவர் அதை 'பியூன்' என்று வாசிப்பார். பெயருக்கு மரியாதை செய்வதற்காக நாம் மாற்றிய எழுத்து, முறை தெரியாதவர் வாயில் முன்னிலும் தொலைவாகப் போய்விடுகிறது. இது மாற்றத்தின் குற்றம் ஆகாது. மராத்தியர் தங்கள் நகரத்தைத் தங்கள் ஒலிப்படி எழுதியது அவர்கள் உரிமை. நான் அதை முழு மனத்தோடு வரவேற்கிறேன். எழுத்தை மாற்றினால் ஒலி தானே திருந்திவிடும் என்ற நம்பிக்கையைத்தான் மறுக்கிறேன். பெயரை மாற்றியவர்கள், அதைச் சொல்லிக் கொடுக்கும் வேலையைச் சேர்த்துச் செய்யவில்லை.

பழைய ஆவணங்களின் பெயர்கள் வேறு கணக்கு. 1932 செப்டம்பரில் எரவடாச் சிறையில் கையெழுத்தானது பூனா ஒப்பந்தம். அதைப் 'புணே ஒப்பந்தம்' என்று திருத்த வேண்டியதில்லை. 1949இல் தொடங்கிய பூனா பல்கலைக்கழகம் 2014இல் சாவித்ரிபாய் புலே புணே பல்கலைக்கழகம் ஆயிற்று. 1975இல் பட்டம் பெற்றவரின் சான்றிதழில் பழைய பெயர் இருப்பதே முறை.

4. 2020ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுப் பட்டியல்

எழுத்தையே ஒலியைச் சுமக்க வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே பெரிய சான்று இருக்கிறது. 2020 ஜூன் மாதத்தில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில வடிவத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணையை வெளியிட்டது. மாவட்டந்தோறும் பரிந்துரை பெற்றுத் தொகுத்த பட்டியல் அது. நோக்கத்தில் குறையே இல்லை. டூட்டிகோரின், டிரிப்ளிகேன் போன்ற வடிவங்களைப் பார்த்து மனம் குமுறாத தமிழ்ப்பற்றாளர் யார்? ஆனால் பட்டியல் வெளிவந்த அன்றே கேள்விகள் எழுந்தன, அந்த மாதமே ஆணை திரும்பப் பெறப்பட்டது.

கோயம்புத்தூருக்குக் கொடுத்த வடிவத்தைப் பாருங்கள். 'த்தூ' என்பதைக் காட்ட 'டி', 'எச்' இரண்டையும் இரண்டு முறை எழுதி, அதன்பின் இரண்டு 'ஓ' சேர்த்திருந்தார்கள். தகரத்தை இரட்டித்தது முறைப்படி எழுதும் பழக்கம். இரண்டு 'ஓ' போட்டது வெள்ளையர் காதுப் பழக்கம். ஒரே பெயருக்குள் இரண்டு முறையும் மோதிக்கொண்டன. வேலூரில் இது உச்சத்துக்குப் போயிற்று. அங்கே இருப்பது ஏகாரம். அது நெடில் என்று காட்டுவதற்காக 'ஈ' என்னும் ஆங்கில எழுத்தை இரட்டித்தார்கள். இரண்டு 'ஈ' சேர்ந்தால் ஆங்கிலத்தில் ஈகாரம்தான். வேலூரின் ஒலியைக் காப்பாற்றச் செய்த மாற்றம், அதை 'வீலூர்' என்று படிக்க வைத்தது. பழைய வடிவத்தில் அந்தப் பிழை இல்லை.

இதைச் செய்தவர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. யார் செய்திருந்தாலும் இப்படித்தான் முடிந்திருக்கும். ஐந்து உயிரெழுத்துகளை வைத்துக்கொண்டு பன்னிரண்டு உயிர்களைக் காட்ட வேண்டும். அதையும் எந்தப் பயிற்சியும் இல்லாத ஒருவர் தம் பழக்கப்படி படித்தாலும் சரியாக வர வேண்டும் என்றால், அது ஆகாத வேலை. கருநாடகம் 2014 நவம்பர் 1ஆம் நாள் பெங்களூரு, மைசூரு, மங்களூரு, பெளகாவி உள்ளிட்ட 12 நகரங்களோடு நிறுத்திக்கொண்டது. அங்கே ஊராரின் வழக்கும் புதிய எழுத்தும் கைகோத்துக்கொண்டன. ஆயிரம் ஊர்களை ஒரே நாளில் மாற்றினால் நிலப்பத்திரம், வங்கிக் கணக்கு, கடவுச்சீட்டு, பள்ளிச் சான்று, நிலவரைபடம் ஒவ்வொன்றிலும் ஒரே ஊர் இரண்டு ஊராகிவிடும். இதை அனுபவிப்பவர் அமைச்சரோ அறிஞரோ இல்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நிற்கும் எளிய மனிதர்.

5. எட்டோபிக்கோவுக்குக் கொடுக்கும் மரியாதை

ஆங்கிலேயர் தங்கள் ஊர்ப்பெயர்களை எழுத்தைப் பார்த்தா படிக்கிறார்கள்? லண்டனில் கிரெனிச் என்று சொல்லும் இடத்தை எழுத்துக்கூட்டிப் படித்தால் 'கிரீன்விச்' என்று வரும். சதர்க் என்னும் பகுதியை எழுத்தின்படி 'சவுத்வார்க்' என்று சொன்னால், வெளியூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும். ஹோபன் என்னும் இடத்தின் நடுவிலிருக்கும் 'எல்' ஒலிப்பதே இல்லை. இவற்றின் எழுத்தைத் திருத்தும்படி அங்கே யாரும் அரசாணை போடவில்லை. குழந்தைகள் கேட்டுக் கற்கிறார்கள். வானொலி வந்தபோது, லண்டனில் உட்கார்ந்து செய்தி வாசிப்பவர் தொலைவூர்ப் பெயரைச் சிதைத்துவிடக் கூடாதென்று, 1926இல் பி.பி.சி. ஒலிப்புக்கென ஓர் ஆலோசனைக் குழுவையே அமைத்தது. அதில் பணியாற்றிய ஆர்தர் லாயிட் ஜேம்ஸ், இங்கிலாந்து ஊர்ப்பெயர்களின் ஒலிப்புக்கென்று 1930இல் ஒரு கையேடு வெளியிட்டார். எழுத்தை அப்படியே வைத்து ஒலியைத் தனியே பதிந்துவைக்கும் முறை இது.

நம் உறவினர் பலர் டொராண்டோவில் இருக்கிறார்கள். அங்கே ஒரு பெரும் புறநகரின் பெயர் எட்டோபிக்கோ. எழுத்தில் ஈற்றுக்கு முன் ஒரு 'கே' நிற்கும். பூர்வகுடிகளின் மொழியிலிருந்து வந்த பெயர் அது. அங்கே போய் இறங்கும் தமிழர், ஈற்றில் 'கோக்' என்று சொல்லக் கூடாது, 'கோ' என்று நிறுத்த வேண்டும் என்பதைச் சில நாளில் கற்றுக்கொள்கிறார். யாரேனும் திருத்தினால் வெட்கத்தோடு ஏற்றுக்கொள்கிறார். அதே மனிதர் கராடியில் ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு இருந்தும் 'கரதி' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருடைய நாவுக்கு டகரம் தெரியாதா? தமிழ் நாவுக்கு அதைவிட எளிய ஒலி இல்லை. கனடாவின் ஊரைச் சரியாகச் சொல்லவேண்டும் என்ற கவலை, மராத்தியர் ஊர்மேல் வரவில்லை. அதிகாரம் உள்ளவர்களின் பெயரைத் தேடிக் கேட்டுக் கற்கிறோம்; அயல்வீட்டாரின் பெயரை வாய்க்கு வந்தபடி சொல்கிறோம். சென்னைக்கு வரும் வடநாட்டு இளைஞர் சோழிங்கநல்லூரையும் கூடுவாஞ்சேரியையும் சிதைத்தால் நமக்குச் சுருக்கென்கிறது. அந்தச் சுருக்கு இங்குள்ளவர்க்கும் உண்டு.

நியூசிலாந்தில் 2019ஆம் ஆண்டு நூற்றுக்கணக்கான மாவோரி ஊர்ப்பெயர்களுக்கு நெடிலைக் காட்டும் மேற்கோட்டை அதிகாரப்பூர்வமாகச் சேர்த்தார்கள். ஹண்டர் முறையில் நாம் உதிரவிட்ட அதே கோடு. அங்கே அது நின்றதற்குக் காரணம், வானொலியிலும் பள்ளியிலும் சரியான ஒலி முன்பே பழகிக்கொண்டிருந்தது. ஒலி முன்னே போயிற்று, எழுத்து பின்னே வந்தது.

6. எந்த ஊரார், எந்த வாய்

'ஊரார் சொல்வதே சரி' என்றால், எந்த ஊரார் என்று கேட்பீர்கள். இங்கே அடுக்குமாடிகளில் குடியிருப்போரில் மிகப் பலர் வெளியிலிருந்து வந்தவர்கள். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் 'கரதி'யே வென்றுவிடும். என் விடை இது: முளா முட்டா ஆற்றங்கரையில் நிலத்தை உழுது தலைமுறை தலைமுறையாக இந்தப் பெயரைச் சொல்லிவந்தவர்களின் ஒலியே அளவுகோல். அவர்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். காய்கறிக் கடையில், பேருந்து நடத்துநர் குரலில், கோயில் வாசலில் அந்த ஒலியைக் கேட்கலாம்.

ஆனால் ஊராரே ஆங்கிலத்தில் பேசும்போது வேறு பெயர் சொல்வதும் உண்டு. மும்பையில் ரயில் நிலையப் பலகையில் தேவநாகரியில் வாந்த்ரே என்றிருக்கும், ஆங்கிலத்தில் பாந்த்ரா என்றிருக்கும். தமிழர் நிறைந்த சயான் பகுதிக்கு மராத்தியில் ஷீவ். அங்குள்ள மராத்தியரே ஆங்கிலத்தில் பேசும்போது பாந்த்ரா, சயான் என்கிறார்கள். அப்படியானால் நாமும் ஆங்கிலத்தில் அப்படியே சொல்லலாம். எழும்பூர்க்காரர் ஆங்கிலத்தில் 'எக்மோர்' என்று இயல்பாகச் சொல்லும்வரை அதைப் பிடுங்குவதற்கு நான் அவசரப்படமாட்டேன். தமிழில் பேசும்போது எழும்பூரை 'எக்மோர்' என்றால்தான் எனக்குக் கசக்கிறது.

தமிழில் பேசும்போது வேறு நியாயமும் உண்டு. பிறமொழிச் சொல்லைத் தமிழெழுத்துக்கு இணக்கி எடுத்துக்கொள்வதைத் தொல்காப்பியமே விதியாக்கியிருக்கிறது. கொழும்பில் சிங்களவர் வேறு வகையாகச் சொல்லும் இடங்களை நாம் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை என்கிறோம். அவை தலைமுறைகளாகத் தமிழர் வாயில் வாழ்ந்து தமிழான பெயர்கள், பிழைகள் இல்லை. ஆகவே வீட்டில் தமிழ் பேசும்போது கராடியின் முதலெழுத்தில் மூச்சை விடவில்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். ஆங்கிலத்தில் இன்னொருவரிடம் பேசும்போதும் அதைக் கடைசியாகக் கற்றுக்கொண்டால் போதும். நெடிலும் டகரமும் சரியாக விழுந்தால் ஊரார் உடனே தெரிந்துகொள்கிறார்கள்.

7. முழுப்பெயர்

ஒலி சரியாக இருந்தும் பெயரைத் தவறாக வழங்கலாம். பக்கத்திலுள்ள வட்காவ் ஷேரியை நம்மவர் பலர் சுருக்கி 'வட்காவ்' என்கிறார்கள். நகரத்தின் மறுகோடியில், சிங்ககட் சாலைப் பக்கம், வட்காவ் புத்ருக் இருக்கிறது. வட்காவ் குர்த் இருக்கிறது. மும்பைப் பாதையில் வட்காவ் மாவள் இருக்கிறது. புத்ருக் என்றால் பெரியது, குர்த் என்றால் சிறியது. இரண்டும் பாரசீக வழி வந்த அடைகள். நம் ஊர்களில் பெரிய, சின்ன என்று முன்னால் சேர்ப்பது போன்றதுதான். ஆங்கில முகவரியில் இவற்றை இரண்டிரண்டு எழுத்தாகக் குறுக்கிவிடுவதால், புதியவர்க்கு அவை பெயரின் பகுதி என்றே தெரிவதில்லை. அவசர ஊர்திக்குத் தொலைபேசியில் வழி சொல்லும்போது 'வட்காவ்' என்று மட்டும் சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

விளம்பரங்கள் செய்யும் கேடும் இங்கே சேரும். வாகோலிப் பக்கம் கட்டும் வீடுகளை 'அப்பர் கராடி' என்று விற்கிறார்கள். வாகோலி பழைய ஊர், தனிப் பெயர் உள்ள ஊர். வீட்டு விலைக்காக அதன் பெயரை மறைப்பதை நான் ஏற்கமாட்டேன். சென்னையிலும் இதே கதைதான். பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், நாவலூர், படூர், கேளம்பாக்கம் எல்லாம் மூன்று ஆங்கில எழுத்துக்குள் ஒடுங்கி 'ஓ.எம்.ஆர்.' ஆகிவிட்டன. அங்கே குடியிருப்பவர்க்கே தம் தெரு எந்த ஊரின் எல்லையில் இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை.

8. செய்யக்கூடியவை

அரசாணை வேண்டாம், செலவும் வேண்டாம். தேவநாகரி எழுத்தை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். மொழி பிறகு வரட்டும். எழுத்து கைவந்தால், பேருந்தின் நெற்றியிலும் கடைப்பலகையிலும் மெட்ரோ நிலையத்திலும் ஒவ்வொரு பெயரும் தன் குறில் நெடிலோடு உங்கள் கண்ணெதிரே இருக்கும். ஆங்கில வரியைவிட்டு அதற்கு மேலிருக்கும் வரியைப் படியுங்கள்.

உங்கள் வீட்டிலேயே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மகாராஷ்டிரத்துப் பள்ளிகளில் மராத்தி கட்டாயப் பாடம். இங்கே படிக்கும் நம் பிள்ளைகள் டகரம் தகரம் பிழையாமல் ஊர்ப்பெயர் சொல்கிறார்கள். அப்பா சொல்லும் 'பேனர்' என்பதைப் 'பாணேர்' என்று அவர்கள் திருத்தும்போது தடுக்காதீர்கள்.

இந்த அவையைக் கூட்டிய பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கராடியைச் சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களை மூன்று எழுத்திலும் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, புதிதாக வரும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்துக்கும் கொடுங்கள். ஆங்கிலத்தில் மாநகராட்சி வழங்கும் வடிவம், ஒன்றே ஒன்று. தேவநாகரியில் மராத்தி வடிவம். தமிழில் அந்த மராத்தியைப் பார்த்து எழுதிய வடிவம்: எரவடா, ஹிஞ்சவடி, பாணேர், ஆளந்தி என்று. அத்தோடு, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த முதியவர் ஒருவரை அழைத்து, அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக அவர் குரலில் பதிந்துகொள்ளுங்கள். தமிழ் வடிவங்களைச் சரிபார்க்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.